பைஜாமாவையும் கணக்கில் எடுங்கள்

முன்பு இரண்டு கால்களுக்கும் தனித்தனித் துணி இருந்ததால்தான் ஆங்கிலத்தில் 'பேண்ட்ஸ்' பன்மையானது என்று அந்தச் சொல்லைப் பற்றிய உங்கள் கட்டுரை முடித்துவிடுகிறது. பாதிதான் சரி. இடைக்கால ஐரோப்பாவில் ஆண்கள் போட்ட 'ஹோஸ்' என்ற காலுடை உண்மையிலேயே இரண்டு தனிக் கால்கள்தான். மேலே நாடா போட்டுக் கட்டிக்கொள்வார்கள். 15ஆம் நூற்றாண்டுவாக்கில் இரண்டையும் சேர்த்துத் தைக்கும் வழக்கம் பரவியது. ஆனால் 'பேண்ட்ஸ்' என்பது 'பேண்டலூன்ஸ்' என்ற கால்சட்டைப் பெயரின் சுருக்கம், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பிறந்தது. அதற்குள் கால்சட்டை ஒரே உடுப்பாகிப் பல தலைமுறை ஆகிவிட்டது.

தனித்தனித் துணியாக இல்லாவிட்டாலும் பன்மைப் பெயர் வரும் என்பதற்கு நல்ல சாட்சி பைஜாமா. பாரசீகத்தில் 'கால் உடை' என்று பொருள்; உருதுவில் அது ஒருமைதான். நம் நாட்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதும் 'பைஜாமாஸ்' ஆனது. மேல்சட்டையோடு சேர்ந்த இரவு உடை என்ற பொருள் பிறகுதான் வந்தது. ஆக, இரண்டாகக் கிளைக்கும் பொருளுக்குப் பன்மைப் பெயர் வைக்கும் பழக்கமே இங்கு வேலை செய்திருக்கிறது என்பேன். 'சிசர்ஸ்', 'ஸ்பெக்டகிள்ஸ்' எல்லாம் அதே வரிசைதான்.

முழங்கால் அளவுக் கால்சட்டையான 'பிரீச்சஸ்' பற்றியும் ஒரு பத்தி சேருங்கள், அவசியம். பழைய ஆங்கிலத்தில் 'பிரோக்' ஒருமை, 'பிரேச்' பன்மை. அந்தப் பன்மையின் மேலேயே இன்னொரு பன்மை விகுதி ஏறி உட்கார்ந்திருக்கிறது.