205 டாலர்

2020 ஜூலை 1. ஆண்டுதோறும் செய்வதுபோல உலக வங்கி அன்று நாடுகளைத் தட்டுத் தட்டாகப் பிரித்துப் பட்டியல் வெளியிட்டது. மொரிஷியஸ் முதல் முறையாக ‘உயர் வருமான நாடு’ தட்டில் இருந்தது. தனிநபர் தேசிய வருமானம் 12,740 டாலர். கோடு கிழித்திருந்த இடம் 12,535. 205 டாலர் கூடுதல். உள்ளே வந்தாயிற்று.

அன்றைக்கு அந்தத் தீவு எப்படி இருந்தது? கொரோனாவால் மார்ச்சிலேயே எல்லையை மூடிவிட்டார்கள். முந்தைய ஆண்டில் ஏறக்குறைய 13.8 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்துபோன இடம் அது. தீவின் மக்கள்தொகையே 12.6 லட்சம்தான். அதாவது குடியிருப்பவர்களைவிட விருந்தாளிகள் அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு விருந்தாளிகூட இல்லாமல் ஓட்டல்கள் பூட்டிக் கிடந்தபோதுதான் ‘பணக்கார நாடு’ என்ற சான்றிதழ் வந்து சேர்ந்தது. காரணம் எளிது. அந்த எண் 2019-க்கு உரியது. மழை பெய்து முடிந்து தரை காய்ந்த பிறகு வரும் வானிலை அறிக்கை மாதிரி.

அடுத்த ஜூலையில் 2020-க்கான எண் வந்தது: 10,230. கோடு 12,695-க்கு நகர்ந்திருந்தது. ஒரே ஆண்டில் வெளியே. அதற்குப் பின் 2024 வரை வந்த பட்டியல்களிலும் வெளியேதான்.

ஏறியபோது ‘மொரிஷியஸ் அற்புதம்’ என்றார்கள். இறங்கியபோது ‘வீழ்ச்சி’ என்றார்கள். எனக்கு இரண்டு சொல்லுமே எரிச்சல். ஒரு நாட்டு மக்கள் ஓர் ஆண்டில் திடீரென்று திறமைசாலிகளாகி அடுத்த ஆண்டில் சோம்பேறிகளாகிவிடுவதில்லை. சின்ன நாட்டின் தனிநபர் வருமானம் அந்த நாட்டைப் பற்றிச் சொல்வதைவிட, வெளியே இருப்பவர்கள் அந்த நாட்டிடம் என்ன வாங்கச் சம்மதித்தார்கள் என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. அப்படியானால் அந்த மக்கள் தாமாகச் செய்தது எங்கே தெரியும்? தெரியும், ஆனால் யாரும் பார்க்காத இடத்தில்.

அது வகுக்கும் எண். தலா வருமானம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே வருமானம், கீழே தலைகள். நாம் எல்லோரும் மேலேயே பார்க்கிறோம். மொரிஷியஸ் கதை கீழே இருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே மலேரியாவைத் துரத்தினார்கள். குழந்தைகள் பிழைத்தார்கள். 1950-களில் மக்கள்தொகை ஆண்டுக்கு ஏறக்குறைய 3 சதவீதம் பெருகியது. நிலமோ 2,040 சதுர கிலோமீட்டர், விளைநிலத்தில் பெரும்பகுதி கரும்பு. 1960-ல் ஜனவரியில் ஒரு புயல், பிப்ரவரியில் கரோல் என்ற இன்னொரு பெரும் புயல். அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் காலனி அரசு வரவழைத்த பொருளாதார நிபுணர்தான் ஜேம்ஸ் மீட், பின்னாளில், 1977-ல், நோபல் வாங்கியவர். அவர் 1961-ல் சொன்னதன் சாரம்: இருக்கும் வாழ்க்கைத்தரம் பெரிதாகக் குறையாமல் எல்லோருக்கும் வேலை கொடுத்துவிட்டாலே அது பெரிய சாதனை. முன்னேற்றம் என்ற பேச்சே இல்லை, மூழ்காமல் இருந்தால் போதும்.

இன்றைக்கு மீட் பெயரை எடுத்தாலே ‘நோபல் வாங்கியவரின் கணிப்பே பொய்த்துப்போன கதை’ என்று சிரிக்கிறார்கள். இது நியாயமில்லை. பிறப்பு விகிதம் குறைய வேண்டும், கரும்பை விட்டு வேறு தொழில் வேண்டும், ஏற்றுமதிக்குப் பொருள் செய்ய வேண்டும் என்று அவர் சொன்னதைத்தான் தீவு பெரும்பாலும் செய்தது. டாக்டர் ‘இப்படியே போனால் தாங்காது’ என்றார், நோயாளி பத்தியம் இருந்து பிழைத்தார். இதில் டாக்டர் தோற்றார் என்று எப்படிச் சொல்வது?

பத்தியம் என்றால் லேசானதல்ல. 1960-களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள். 1970-களின் நடுவில் மூன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பாதி! இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர்கள், சீனர்கள் எல்லோரும் நெருக்கியடித்து வாழும் தீவில், யாரையும் கட்டாயப்படுத்தாமல் நடந்தது இது. கருத்தடைச் சாதனங்களை எதிர்த்த கத்தோலிக்க திருச்சபை, நாள் கணக்கு பார்க்கும் முறைக்குத் தானே ஓர் அமைப்பு நடத்தியது. அரசு இரண்டு வழிக்கும் பணம் கொடுத்தது. ‘உன் வழி உனக்கு, என் வழி எனக்கு, தலை குறைந்தால் சரி’ என்று ஓர் உடன்பாடு. எந்தப் பொருளாதார அற்புதப் பட்டியலிலும் இதற்கு முதலிடம் கொடுத்து நான் பார்த்ததில்லை. நான் கொடுப்பேன்.

சரி, இப்போது மேலே இருக்கும் எண்ணுக்கு வருவோம். அங்கே கரும்புதான் ராஜா.

1834-லிருந்து இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர். மாதக் கூலி 5 ரூபாய். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி வெட்டு, ‘இரட்டை வெட்டு’ என்றே அதற்குப் பெயர். உடம்புக்கு முடியாமல் ஒரு வாரம் படுத்தவனுக்கு அந்த மாதம் என்ன மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தீவில் தலைக்கு எவ்வளவு என்பதற்கு எழுதிவைத்த பழைய பதில் இதுதான். அதிலும் அது கூலிக்காரன் தலைக்கு மட்டும். தோட்ட முதலாளியின் தலையையும் சேர்த்துச் சராசரி போட்டிருந்தால் எண் அழகாகத்தான் வந்திருக்கும்.

1968 மார்ச் 12-ல் விடுதலை. ஊரே கொண்டாடியது என்று நினைக்க வேண்டாம். முந்தைய ஆண்டுத் தேர்தலில் 44 சதவீதம் பேர் விடுதலை வேண்டாம் என்ற பக்கம் நின்றார்கள். விடுதலைக்கு இரண்டு மாதம் முன்பு தலைநகர் போர்ட் லூயியில் கலவரம் வெடித்து பிரிட்டிஷ் படை வந்தது. ஏற்றுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை. இப்படி ஒரு நாடு நடுத்தெருவுக்கு வராமல் போனதற்குப் பெரிய காரணம் 1975-ல் ஐரோப்பியச் சமூகத்தோடு கையெழுத்தான சர்க்கரை ஒப்பந்தம். ஆண்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம் டன்னை உறுதியான விலைக்கு ஐரோப்பா வாங்கிக்கொள்ளும். அந்த விலை பல ஆண்டுகள் உலகச் சந்தை விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒப்பந்தத்தில் சேர்ந்த அத்தனை நாடுகளுக்குமான ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தக் குட்டித் தீவுக்கே போனது. பேரம் பேசியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆண்டுகளில் கூடிய தனிநபர் வருமானத்தில் ஒரு பகுதி, சந்தை விலைக்கு மேல் ஐரோப்பியர் கொடுத்த உபரி. கரும்பு அதே கரும்பு. வெட்டிய கையும் அதே கை.

அந்த உபரியை என்ன செய்தார்கள் என்பதில்தான் தீவின் சொந்தப் புத்தி இருக்கிறது. பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பங்களிடமிருந்த பெருந்தோட்டங்களைப் பறிக்கவில்லை, ஏற்றுமதி வரி போட்டார்கள். பெரிய தோட்டத்துக்கு அதிகம், சிறு விவசாயிக்குக் குறைவு அல்லது இல்லவே இல்லை. அந்தப் பணத்தின் துணையில் 1977 முதல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு இலவசம். முதலாளிகளோ மிச்சத்தை ஓட்டலிலும் பனியன் ஆலையிலும் போட்டார்கள்.

பனியன் என்றதும் ஒரு விஷயம். பேராசிரியர் எடுவார் லிம் ஃபாட் முன்வைத்த யோசனையில் 1970-ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது, அதாவது ஏற்றுமதிக்கென்றே பொருள் செய்யும் ஆலைகளுக்குச் சலுகை. மற்ற நாடுகளில் மண்டலம் என்றால் வேலி போட்ட ஓர் இடம். இங்கே முழுத் தீவும் மண்டலம். தொழிற்சாலை எந்தக் கிராமத்திலும் வரலாம். கரும்புத் தோட்டத்து வீடுகளிலிருந்து பெண்கள் நடந்தே வேலைக்குப் போனார்கள். ஹாங்காங்கிலிருந்து முதலாளிகள் வந்தார்கள். ஆட்டு மந்தைக்குப் பேர் போகாத வெப்பமண்டலத் தீவு, கம்பளி ஸ்வெட்டர் ஏற்றுமதியில் உலகின் முன்வரிசைக்குப் போனது! 1980-களின் தொடக்கத்தில் ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லை, அதே பத்தாண்டின் முடிவில் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் நிலைமை. பெண்களுக்குக் கூலி குறைவு என்பதும் இந்த வெற்றியின் ஒரு பகுதி, அதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

2011-ல் பொருளியலாளர் ஸ்டிக்லிட்ஸ் எழுதினார்: விடுதலைச் சமயத்தில் 400 டாலருக்கும் குறைவாக இருந்த தலா வருமானம் 6,700 டாலரைத் தாண்டிவிட்டது என்று. சரிதான். ஆனால் அதற்குள் வெளியார் மனசு மாறியிருந்தது. எந்த நாடு எவ்வளவு துணி விற்கலாம் என்று பங்கு பிரித்த உலக ஜவுளி ஒதுக்கீட்டு முறை 2005-ல் முடிந்தது. 2006-லிருந்து படிப்படியாக ஐரோப்பா சர்க்கரை விலையை 36 சதவீதம் வெட்டியது. தீவு உடனே சுற்றுலா, வங்கி, நிறுவனப் பதிவு என்று தாவியது. அதில் இந்தியாவோடு போட்ட வரி ஒப்பந்தமும் ஒன்று. அது தந்த வரிச் சலுகையின் புண்ணியத்தில் இந்தியாவுக்குப் போகும் முதலீடு போர்ட் லூயி வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. 2016-ல் அந்த வழியும் குறுகியது. வழிப்போக்கன் திண்ணையில் உட்கார்ந்து எழுந்துபோவதை வீட்டுக்காரன் வருமானம் என்று முழுக்கச் சொல்ல முடியாது. கணக்கருக்கும் வழக்கறிஞருக்கும் கொடுத்த கட்டணம் மட்டும் வீட்டில் தங்கும்.

என் மேசையில் ஒரு மொரிஷியஸ் 100 ரூபாய்த் தாள் இருக்கிறது. நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. அதில் தமிழ் எழுத்து இருக்கும் என்பது பலருக்குத் தெரியும். படத்தில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், தமிழ் வம்சாவளி அரசியல்வாதி. 1000 ரூபாயில் கயத்தான் டுவால், விடுதலையை எதிர்த்த அணியின் தலைவர். 2000-த்தில் ராம்கூலம், விடுதலை வாங்கியவர். எதிர்த்தவருக்கு ஆயிரம், வாங்கியவருக்கு இரண்டாயிரம். இதைவிட நாசூக்காக ஒரு நாடு சமாதானம் செய்துகொள்ள முடியுமா? 1998-ல் புதிய தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிப் போட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பி தாள்களையே திரும்பப் பெற்றார்கள். ஆனால் உலக வங்கிக்கு இந்தத் தாளில் அக்கறையில்லை, டாலரில் மாற்றித்தான் பார்க்கும். 2020-ல் உற்பத்தி ஏறக்குறைய 15 சதவீதம் விழுந்தது, டாலர் எண்ணோ ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. அந்த இடைவெளியில் ரூபாய் இறங்கியதற்கும் பங்கு உண்டு. சந்தையில் காய்கறி வாங்கும் பெண்ணுக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

அப்புறம் சராசரி என்ற பழைய தகராறு. 1965-ல், மொரிஷியஸோடு சேர்ந்திருந்த சாகோஸ் தீவுகளை பிரிட்டன் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டது, மொரிஷியஸுக்குக் கொடுத்தது 30 லட்சம் பவுண்ட். அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களில் பெரும்பாலோர் போர்ட் லூயியில் இறக்கிவிடப்பட்டுச் சேரிகளில் ஒதுங்கினார்கள். தேங்காய்த் தோட்ட வேலை தவிர வேறு தெரியாதவர்கள். வகுக்கும் எண்ணில் அவர்களும் தலைதான். வகுத்து வந்த ஈவு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

மீண்டும் 2020 ஜூலைக்கு வருகிறேன். சான்றிதழ் வந்து 24 நாள் கழித்து, 25-ஆம் தேதி மாலை, வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்குக் கரையோரப் பவளப்பாறையில் ஏறி நின்றது. கைபேசி சிக்னலுக்காகக் கரையை ஒட்டி வந்தது என்று பின்னால் தெரிந்தது. ஆகஸ்ட் 6-லிருந்து எண்ணெய் கசிந்தது, ஏறக்குறைய 1,000 டன். கப்பலை மீட்க வந்த நிபுணர்களுக்குக் கட்டணம், உறிஞ்சும் எந்திரங்களுக்கு வாடகை, துப்புரவு ஒப்பந்தங்கள். இதில் தீவில் உள்ளவர்களுக்குக் கிடைத்த ஒவ்வொரு ரூபாயும் அந்த ஆண்டின் தேசிய வருமானத்தில் வரவு. கெட்டுப்போன கடலுக்கு அதில் பற்று எழுத இடமே இல்லை.

மஹேபூர் கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் யாரும் கூப்பிடாமலே கூடினார்கள். துணிப் பைகளில் காய்ந்த கரும்புச் சோகையைத் திணித்து, நடுவில் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைச் சொருகி, நீள நீளமாகத் தைத்து, எண்ணெய் பரவாமல் தடுக்கக் கடலில் மிதக்கவிட்டார்கள். முடி எண்ணெயை உறிஞ்சும் என்று சிலர் தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள். சோகைக்கு விலை கிடையாது, தைத்தவர்களுக்குக் கூலி கிடையாது. 10,230 டாலரில் அந்த வேலைக்கு ஒரு சென்ட்கூட இல்லை.