அந்த ஒரு பதவியை மட்டும் அவர் விடவே இல்லை

ஓ.பன்னீர்செல்வம் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது குனிந்த முதுகுதான். மீம் போட்டே களைத்துப் போனோம். ஆனால் எனக்கு அவர் விஷயத்தில் சுவாரசியமாகத் தெரிவது முதல்வர் பதவி இல்லை, அதிமுக பொருளாளர் பதவி.

யோசித்துப் பாருங்கள். 2001 செப்டம்பரில் ஜெயலலிதாவின் நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், பெரியகுளம் நகராட்சித் தலைவராக இருந்துவிட்டு அப்போதுதான் முதல்முறை எம்.எல்.ஏ. ஆகியிருந்த மனிதரைக் கூப்பிட்டு முதல்வராக்கினார்கள். ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் அம்மா ஜெயித்தார், 2002 மார்ச்சில் இவர் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 2014இல் சொத்துக்குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு எதிராகப் பெங்களூரு தீர்ப்பு, இவர் மறுபடி முதல்வர். சட்டசபையில் அம்மாவின் இருக்கையில் உட்காராமல் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்து எட்டு மாதம் ஓட்டி, 2015 மேயில் மறுபடி ஒப்படைத்தார். அதற்குப் பெயர் பணிவா பயமா என்று சண்டை போடலாம். கேட்டதும் கொடுத்தார் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. ஒரு கடைக்காரர் வெளியூர் போகும்போது கல்லாச் சாவியை யாரிடம் கொடுப்பார்? அந்த ஆள்தான் ஓபிஎஸ்.

எங்கள் தெரு கோயில் கமிட்டியிலும் இதே கதைதான். தலைவர் ஆவதற்கு நாலு பேர் முட்டிக்கொள்வார்கள், பொருளாளருக்கு மட்டும் ஆள் தேடி அலைவார்கள். நோட்டும் சாவியும் கையில் இருக்கிற ஆள் கோபித்துக்கொண்டால் திருவிழாவே நின்றுபோகும் என்பது சண்டை வரும்போதுதான் தெரியும்.

2017 பிப்ரவரி 7 அந்த மாதிரி ராத்திரிதான். ஜெயலலிதா இறந்ததும் மூன்றாம் முறை முதல்வராகி, ரெண்டு நாள் முன்னால் ராஜினாமா செய்தவர், மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன்னால் சம்மணம் போட்டுக் கண்ணை மூடி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். டிவி முன்னால் நாங்களும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம், ஒன்றுமே நடக்காத நாற்பது நிமிடத்தை நேரலையில் பார்த்தது அன்றைக்குத்தான். எழுந்து வந்து, தன்னைக் கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கினார்கள் என்றார். ஜெயலலிதாவின் தோழியாக இருந்து அப்போது கட்சியைக் கையில் வைத்திருந்த சசிகலாவின் தரப்பு உடனே என்ன செய்தது? பொருளாளர் பதவியைப் பறித்து திண்டுக்கல் சீனிவாசனிடம் கொடுத்தது. நேரம் நடு ராத்திரி, ஆனாலும் விடியும் வரை பொறுக்கவில்லை. அம்மா கொடுத்த பதவி, பறிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்று இவர் அடம்பிடித்தார், என் அனுமதி இல்லாமல் கட்சிக் கணக்கில் கைவைக்க விடாதீர்கள் என்று வங்கிகளுக்குக் கடிதமும் போனது. முதல்வர் பதவியை மூச்சுக் காட்டாமல் கொடுத்தவர், பாஸ்புக்குக்காக மல்லுக்கு நின்றார்!

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கட்சி பிறந்ததே ஒரு பொருளாளரால்தான். 1972 அக்டோபரில் திமுக பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டார், நீக்கினார்கள், ஒரு வாரத்தில் அதிமுக வந்துவிட்டது. ஆனால் எம்.ஜி.ஆர். பின்னால் ஜனம் வந்தது. 2017 பிப்ரவரி 18இல், புது முதல்வர் எடப்பாடி பழனிசாமி மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓபிஎஸ் பக்கம் விழுந்தவை 11 ஓட்டு, எடப்பாடி பக்கம் 122.

அப்புறம் ஓபிஎஸ்ஸும் எடப்பாடியும் இணைந்தார்கள், ஓபிஎஸ்ஸுக்குத் துணை முதல்வர், நிதி இலாகா, கட்சி ஒருங்கிணைப்பாளர், பொருளாளர் எல்லாம் வந்தன. என் கணக்கில் அவர் செய்த பெரிய தப்பு இங்கேதான். சாவியை வைத்திருந்தால் வீடும் நம்முடையது என்று நினைத்துவிட்டார். அந்த நாலு வருடமும் எடப்பாடி ஒவ்வொரு மாவட்டச் செயலாளராகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். 2022 ஜூனில் வானகரம் பொதுக்குழுவில் ஓபிஎஸ் மீது தண்ணீர் பாட்டில் பறந்தது, ஜூலை 11இல் கட்சியை விட்டே நீக்கினார்கள். பொருளாளர் யார்? மறுபடி அதே திண்டுக்கல் சீனிவாசன். மறுபடி வங்கிகளுக்கு அதே கடிதம். இந்த முறை பலிக்கவில்லை.

2024இல் ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்றார், பலாப்பழச் சின்னம். மூன்று லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கி இரண்டாம் இடம், அதை லேசாகச் சொல்ல முடியாது. ஆனால் அதே தொகுதியில் இன்னும் சில பன்னீர்செல்வங்களும் மனுப் போட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் இவர் கையெழுத்து இல்லாமல் கட்சிச் செக் பாஸாகாது. ராமநாதபுரத்தில் இவர் எந்தப் பன்னீர்செல்வம் என்று பலாப்பழத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.