பூஞ்சை பிடித்த கேசட்டை யார் தொடுவது?

செம்பூரில் என் பழைய டான்ஸ் டீச்சர் குடியிருக்கும் பில்டிங் ரீடெவலப்மென்டுக்குப் போகிறது, அதாவது இடித்துக் கட்டப்போகிறார்கள். மும்பைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. முப்பது வருடமாகப் பரணில் கிடப்பதையெல்லாம் இறக்கியாக வேண்டும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சரிடமிருந்து போன். "நீதான் லைப்ரரில வேலை பாக்கறியே, ஒரு நடை வந்துட்டுப் போம்மா. ரத்திவாலா பேப்பரை எடுத்துக்கறான், கேசட்டைத் தொட மாட்டேங்கறான்."

போனேன். இரண்டு கோணிப்பையில் நாற்பத்தொரு விஎச்எஸ் வீடியோ கேசட், ஒரு பிஸ்கட் டின் நிறைய மினிடிவி எனும் சின்ன வீடியோ கேமரா டேப், டீச்சரின் குரு கைப்பட ஜதி எழுதிக்கொடுத்த நான்கு நோட்டு, ஜரிகை கறுத்துப்போன இரண்டு டான்ஸ் டிரஸ். மும்பை மழை பாதி கேசட்டுக்குள் புகுந்திருந்தது. கேசட்டின் மேலே இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் சுருளின் ஓரத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூஞ்சை. ஒரு லேபிளில் "அரங்கேற்றம் 1991, கடைசி அரைமணி சித்தி கல்யாணம்" என்று இருந்தது. சித்திக்காக, கடைசியில் ஆடும் தில்லானா பலியாகியிருக்கிறது.

நான் எம்எல்ஐஎஸ்சி, அதாவது நூலகவியல் முதுகலை, படித்தவள். பதினோரு வருடமாக ஒரு காலேஜில் லைப்ரரியன். அந்தக் கோணிப்பை முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பூஞ்சை பிடித்த டேப்பைப் பிளேயரில் போட்டுப் பார்க்கக் கூடாது, ஹெட் கெடும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். அதைக்கூடக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை, எப்போதோ தூக்கம் வராத ராத்திரியில் படித்தது. நாங்கள் படித்தபோது கேசட்டெல்லாம் "நூல் அல்லாத சாதனங்கள்" என்ற பாடத்தில் வரும், ஐந்து மார்க் சிறுகுறிப்பு. இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு பெரிய லைப்ரரிக்குப் போய் ஒரு மாதம் பார்கோடு ஒட்டினேன். நேராக ஒட்டுவேன், அதில் குறை சொல்ல முடியாது.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில வருடம் முன்பு என் சீனியர் ஒருத்தர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன், தன்னுடைய பன்னிரண்டு கேசட்டைக் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தார். சந்தோஷமாக டிவியில் போட்டோம். பழைய வீடியோ கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும், இப்போதைய டிவி அகலம், அதனால் டிவி முழுக்கத் தெரியட்டும் என்று நல்ல மனசோடு மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டார்கள். விளைவு, அக்கா ஆடுகிறார், காலைக் காணோம். பரதநாட்டியத்தில் காலைக் காணோம்! ஆடியோவிலும் ஒரு சானலை மட்டும் எடுத்ததால் பாட்டு கேட்கிறது, தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கம் எங்கேயோ கிணற்றுக்குள் கேட்கிறது. ஒரிஜினல் எங்கே என்று கேட்டால், "அதான் பென் டிரைவ்ல வந்துருச்சேன்னு வீசிட்டேன்டி" என்றார்.

அந்த ஸ்டூடியோக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெட்டாதே, இரண்டு சானலையும் எடு, எம்பி4 மட்டும் போதாது, எஃப்எஃப்வி1 போல எதையும் இழக்காத வடிவத்தில் ஒரு மூலப்பிரதி வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு முப்பது ஜிபி போல ஆகும், பரவாயில்லை, ஹார்ட் டிஸ்க் வாங்கு, ஒரே இடத்தில் வைக்காதே, கேசட்டைத் தூக்கிப் போடாதே என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. அந்த ஆள் லைப்ரரி சயன்ஸ் படித்தவராக இருந்திருக்க வேண்டும். நாம்தான் அவரைத் தயார் பண்ணவில்லை.

நேரமும் இல்லை. விஎச்எஸ் பிளேயர் தயாரித்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் காந்த நாடாக்களுக்கு "டெட்லைன் 2025" என்றே பெயர் வைத்து எச்சரித்தது. அவர்கள் பயந்தது டேப் அழிவதை மட்டும் அல்ல, ஓட்டுவதற்கு மெஷினும் அதை ரிப்பேர் செய்யத் தெரிந்த கையும் இல்லாமல் போவதை. நான் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோடில் இரண்டு சனிக்கிழமை அலைந்துதான் ஓடுகிற ஒரு பிளேயரைக் கண்டுபிடித்தேன். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். மகன் மொபைல் கவர் விற்கிறான்.

டான்ஸுக்கு இது மற்றக் கலைகளைவிட அதிகமாக வலிக்கும். சங்கீதத்துக்கு 78 ஆர்பிஎம் இசைத்தட்டாவது இருந்தது. ஆடினவர்கள் ஆடிவிட்டுப் போய்விட்டார்கள். சத்யஜித் ரே பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த ஆவணப்படம், நம்ம ஊர் நிகழ்த்துகலை மையமான என்சிபிஏவும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து தயாரித்தது, 1976இல் வந்தது. பாலசரஸ்வதி பிறந்தது 1918. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உலகமே கொண்டாடிய ஒருவருக்கே கேமரா ஐம்பத்தெட்டு வயதில்தான் ஒழுங்காக வந்து சேர்ந்தது என்றால், மாட்டுங்காவிலும் முலுந்திலும் ஹால் வாடகைக்கு எடுத்து அரங்கேற்றம் செய்தவர்களுக்கு இருப்பது அந்த விஎச்எஸ் மட்டும்தான்.

அதை வீட்டு விசேஷ வீடியோ என்று தள்ளிவிடக் கூடாது என்பது என் கட்சி. மாட்டுங்காவின் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் 1945இல் தொடங்கியது, திருவிடைமருதூர் நட்டுவனார் குடும்பத்தின் வழி இங்கே வேர் பிடித்தது அப்படித்தான். ஜூஹூவில் நாளந்தா நடன ஆய்வு மையத்தை நிறுவிய கனக் ரேலே 1970களின் தொடக்கத்திலேயே கேரளாவுக்குப் போய் மோகினியாட்டத்தின் மூத்த ஆட்டக்காரர்களைப் படம் பிடித்தார், அந்தப் பதிவுகளை வைத்துத்தான் தன் பாணியைக் கட்டினார். பதிவு என்பது அலமாரியில் தூங்குகிற சாமான் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அமெரிக்காவில் டான்ஸ் ஹெரிட்டேஜ் கோயலிஷன் என்று ஒன்று 1992இல் ஆரம்பித்தார்கள். அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது, லைப்ரரி படிக்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து, டான்ஸ் கம்பெனிகளுக்கும் காப்பகங்களுக்கும் அனுப்பி, அங்கே இருக்கும் பெட்டிகளைத் திறந்து பட்டியல் போட வைத்தது. 2017இல் அது டான்ஸ் யூஎஸ்ஏ என்ற அமைப்போடு சேர்ந்துவிட்டது. நியூயார்க் பொது நூலகத்தில் டான்ஸுக்கென்று தனிப் பிரிவே 1944 முதல் இருக்கிறது. பாலசரஸ்வதி 1962இல் ஆடிய ஜேக்கப்ஸ் பில்லோ என்ற நடன விழா மையத்தில் இன்றைக்கும் காப்பக இன்டர்ன்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது, சரி. ஆனால் பெட்டியைத் திறந்து பட்டியல் போடப் பெரிய பணம் வேண்டாம். மாஸ்க், கிளவுஸ், பென்சில், ஒரு லேப்டாப், டீச்சர் வீட்டு ஃபில்டர் காபி.

இங்கேயும் ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். சினிமாவுக்கு ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் 2015இல் இதே மும்பையில் முதல் பாதுகாப்புப் பட்டறையை நடத்தி, அப்புறம் சென்னை உட்பட ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், மாணவர்கள் ஃபிலிமைக் கையில் எடுத்து ஒட்டிப் பழகுகிறார்கள். இசைக்கு 1982இல் தொடங்கிய ஒரு ஒலிக் காப்பகம் இப்போது குருகிராமில் இருக்கிறது. டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் ஓராண்டு டிப்ளமோ நடத்துகிறது. சங்கீத நாடக அகாடமியிடம் பெரிய பதிவுச் சேமிப்பு இருக்கிறது. நாட்டியத்தையும் நூலகப் படிப்பையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கிற வேலைதான் பாக்கி.

அதற்கு இப்போது கதவு ஒன்று திறந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. புதிய கல்விக் கொள்கை வந்தபிறகு மகாராஷ்டிராவில் முதுகலை முதல் வருடத்திலேயே ஓஜேடி, அதாவது வேலையிடப் பயிற்சி, 4 கிரெடிட்டுக்குக் கட்டாயம். லைப்ரரி சயன்ஸ் பிள்ளைகள் இதற்கும் காலேஜ் லைப்ரரிக்கே போய் நான் ஒட்டின அதே பார்கோடை ஒட்டுகிறார்கள். அந்த 4 கிரெடிட்டை ஒரு நாட்டியப் பள்ளியில் முடிக்கலாம் என்று துறைத்தலைவர்கள் ஒரு கடிதம் எழுதினால் போதும். கூடவே ரயில் பாஸுக்கும் சாப்பாட்டுக்குமாவது பணம் கொடுக்க வேண்டும். கலைச் சேவை என்று சொல்லி தூரத்து டோம்பிவிலியிலிருந்து ஒரு பெண்ணை இலவசமாக வரவழைப்பது எனக்குப் பிடிக்காது.

"டான்ஸ் தெரியாத பிள்ளை என்னத்தைப் பட்டியல் போடும்?" என்று டீச்சரே கேட்டார். நியாயமான கேள்விதான். என்னோடு ஒரு மராத்திப் பெண் வந்தாள், எம்எல்ஐஎஸ்சி மாணவி, தமிழும் தெரியாது, அடவும் தெரியாது. முதல் நாள் தலைப்புக் கட்டத்தில் "வர்ணம்" என்று ஆடிய உருப்படியின் வகையை மட்டும் எழுதினாள். டீச்சர் தன்னுடைய பாலக்காட்டு ஹிந்தியில், "வர்ணம்னா எந்த வர்ணம்? ராகம் எங்கே, தாளம் எங்கே, நட்டுவாங்கம் யாரு?" என்று பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் கோபிக்காமல் படிவத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் சேர்த்தாள். பிறகு அவளே கேட்டாள், வயலின், மிருதங்கம் வாசித்தவர்கள் பெயர்? ஆட்டத்தை அமைத்தது யார்? ஹால் எது? டீச்சருக்கு அதையெல்லாம் எழுதி வைக்கணும் என்று முப்பது வருடத்தில் தோன்றவே இல்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, நன்றாக இருந்த ஒரு கேசட்டை ஓட்டியபோது முதல் உருப்படியான அலாரிப்பைப் பார்த்துத் தகிட என்று மூன்றாக எண்ணி "திஸ்ரம்?" என்றாள். டீச்சர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஆடத் தெரிந்தவரும் அடுக்கத் தெரிந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இது நடக்கும், இதை வகுப்பறையில் பவர்பாயின்ட் போட்டு நடத்த முடியாது.

அடுக்குவதிலும் நமக்கே சொந்தமான சிக்கல் இருக்கிறது. புத்தகத்துக்கு எண் கொடுக்கும் டூயி வகைப்பாட்டில் பாலேவும் நவீன நடனமும் 792.8, அதாவது மேடைக் கலை. நாட்டுப்புற, தேசிய நடனங்கள் 793.3க்குக் கீழே, அந்த 793 எதற்கானது தெரியுமா, வீட்டுக்குள் விளையாடும் விளையாட்டுகளுக்கும் பொழுதுபோக்குகளுக்கும். பல லைப்ரரிகளில் பரதநாட்டியப் புத்தகம் அங்கேதான் இருக்கிறது, பக்கத்து எண்ணில் செஸ். சீர்காழியில் பிறந்த நூலகவியல் முன்னோடி ரங்கநாதன் கோலன் வகைப்பாடு என்று தனியொரு முறையையே உலகத்துக்குக் கொடுத்த ஊர்க்காரர்கள் நாம்.

உரிமை விஷயம் தனிப் பதிவுக்கு உரியது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் நடன அமைப்பும் நாடகப் படைப்பாகவே வரும், ஆனால் எழுத்திலோ வேறு விதத்திலோ பதிந்திருக்க வேண்டும். ஆடியவருக்கும் ஐம்பது வருடம் உரிமை உண்டு. அதனால் கேசட் கையில் இருக்கிறது என்று யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். ஆடிய பெண்ணுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒரு வார்த்தை கேளுங்கள்.

பூஞ்சை பிடித்த பதினெட்டுக் கேசட்டும் தனித்தனிப் பையில், சிலிக்கா ஜெல்லோடு, எங்கள் வீட்டு பால்கனிக் கதவருகே இருக்கின்றன. கணவருக்குத் தும்மல். நன்றாக இருப்பதில் இதுவரை ஒன்பதை ஏற்றியிருக்கிறோம், இரண்டு மணி நேரக் கேசட்டுக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே தீர வேண்டும், குறுக்குவழி கிடையாது. டீச்சர் அடுத்த மாதம் 20ஆம் தேதி வீட்டைக் காலி செய்கிறார். ஜதி நோட்டுகளை மட்டும் எடுத்துப்போக விடமாட்டேன் என்றுவிட்டார். "இங்க வந்து உக்காந்து படம் எடுத்துக்கோ. அந்தப் பொண்ணையும் கூட்டிண்டு வா, அவளுக்கு இன்னும் அஞ்சா எண்ணற கண்டம் சொல்லிக் குடுக்கல."