மஞ்சள் லைட்டு எரிஞ்சா "சகஜம்ணே"ன்னு இனி ஒருத்தரும் என்கிட்ட சொல்லாதீங்க

என் டீசல் பிக்கப்ல மூணு தடவை அந்த மஞ்சள் இன்ஜின் லைட்டு எரிஞ்சுச்சு. மூணு தடவையும் லோடை விட்டுட்டு சர்வீஸ் சென்டர் வாசல்ல போய் நின்னேன். மூணு தடவையும் லேப்டாப்பை மாட்டி, எதையோ அழிச்சு, "பிஎஸ் 6 வண்டில இது சகஜம்ணே, எடுத்துட்டுப் போங்க"ன்னு அனுப்பி வச்சாங்க. (பிஎஸ் 6ன்னா வண்டி விடுற புகைக்கு அரசாங்கம் வச்ச வரம்பு.) நாலாவது தடவை எரிஞ்சப்ப ராத்திரி ஒன்றரை மணி. உடுமலை தாண்டி கோமங்கலம் பக்கம். பின்னாடி ஒரு டன்னுக்கு மேல தக்காளி. லைட்டு எரிஞ்சு பத்து நிமிஷத்துல இழுவை போச்சு, உள்ள கடகடன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், இன்ஜின் சுத்தாம இறுகிப் பிடிச்சுப்போச்சு. இப்ப அதே ஆளுங்க என்னைக் கேக்குறாங்க: "லைட்டு எரிஞ்சப்பவே கொண்டு வந்திருக்கலாமேண்ணே?"

வயிறு எரியுது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏத்துற பிக்கப் என்னுது. கள்ளிமந்தையம், இடையகோட்டைன்னு தோட்டம் தோட்டமாப் போகணும். நாலு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி முருங்கை ஏத்து, மறுபடி மூணு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி கத்தரி ஏத்து. பொள்ளாச்சி மாதிரி தூர ஓட்டம் எப்பவாவது ஒண்ணு வரும். வண்டி வாங்கும்போதே இதெல்லாம் சொல்லித்தான் வாங்குனேன். "இந்த ஓட்டத்துக்கு இதைவிட நல்ல வண்டி இல்லண்ணே"ன்னு சொல்லித்தான் வித்தாங்க. மாசம் 14,600 ரூபாய் டியூ, இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு.

அந்த ஓட்டம்தான் இன்ஜினைத் தின்னுச்சுன்னு இன்னைக்கு எனக்குத் தெரியுது. 2020 ஏப்ரல் 1ல இருந்து நாடு முழுக்க பிஎஸ் 6. பிஎஸ் 5ங்கிறதையே தாண்டி, 4ல இருந்து நேரா 6க்குப் போனோம். டீசல் வண்டிக்குப் புகை போற வழியில ஒரு ஃபில்டர் வந்துச்சு, டிபிஎஃப்னு சொல்றாங்க. கரியை அது பிடிச்சு வச்சுக்கும். புகை குறையட்டும், எனக்கு சந்தோஷம்தான். அதே ரோட்டு ஓரமாத்தான் என் புள்ளைங்களும் பள்ளிக்கூடம் நடந்து போகுதுங்க. ஆனா அந்த ஃபில்டர் ரொம்பிட்டா உள்ள இருக்குற கரியை எரிச்சுத் தள்ளணும். அதுக்கு 600 டிகிரி கிட்ட சூடு வேணும். ஹைவேல நிக்காம இருபது நிமிஷம் ஒரே வேகத்துல போனா அது தானா நடந்துடும். தோட்டத்துக்குத் தோட்டம் நிறுத்தி நிறுத்திப் போற வண்டிக்கு அந்த சூடு எங்கிருந்து வரும்?

சூட்டை ஏத்தறதுக்கு வண்டில இருக்குற கம்ப்யூட்டரே கொஞ்சம் டீசலைக் கூடுதலா அடிக்கும். பாதியில நாம சாவியைத் திருப்பிட்டா எரியாத டீசல் சிலிண்டர் ஓரமா வழிஞ்சு ஆயில்ல கலக்கும். இப்படியே பல தடவை நடந்தா ஆயில் தண்ணி மாதிரி ஆயிடும். அப்புறம் கிராங்க், பேரிங் எல்லாம் எதை நம்பி ஓடும்? "ஃபில்டரை எரிக்கிறேன், ஆஃப் பண்ணாதே"ன்னு சொல்ல என் வண்டில ஒரு லைட்டும் கிடையாது. எது கெட்டாலும் அந்த ஒரே மஞ்சள் லைட்டுதான். ஏதோ ஒரு சென்சார் ஒயர் லூசா இருந்தாலும் அதுதான், இன்ஜின் சாகப்போகுதுன்னாலும் அதுதான்.

ரெண்டாவது தடவை போறதுக்கு முன்னாடி ஆயில் அளவு பாக்குற கம்பியை, அதான் கேஜை, உருவிப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிக்குது. ஆயில் குறையும்னு தெரியும், ஏறுமா? எங்க ஊர் மெக்கானிக் அண்ணன்கிட்டக் காட்டுனேன். விரல்ல தொட்டு மோந்து பார்த்துட்டு, "டீசல் வாடை அடிக்குது தம்பி, இதோட ஓட்டாத"ன்னார். பத்தாவது வரைக்கும்தான் படிச்சவர். அவருக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுது. அதைப் போய் ஏசி ரூம்ல உக்காந்திருக்கிற அட்வைசர்கிட்ட சொன்னா, "போன சர்வீஸ்ல கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்தியிருப்பாங்கண்ணே"ங்கிறார். வண்டியை விடும்போது புகாரை எழுதுற ஜாப் கார்டுல இதை எழுதுங்கன்னு கேட்டேன். "செக்அப்"னு ஒரே வார்த்தை எழுதுனாங்க. கையெழுத்து வாங்கிட்டாங்க. நானும் போட்டேன், லோடுக்கு நேரமாச்சேன்னு.

மூணாவது தடவை லேப்டாப் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தேன். பி 2463ன்னு ஒரு குறியீடு, என்ன குறைன்னு வண்டி கம்ப்யூட்டர் காட்டுற கோட் நம்பர். வீட்டுக்கு வந்து தேடுனா, ஃபில்டர்ல கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தமாம். அதைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? "அண்ணே, ஃபில்டர் ரொம்பிடுச்சு, ஆயிலை மாத்திட்டு ஹைவேல ஒரு ஓட்டம் ஓட்டிட்டு வாங்க"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு என் வண்டி ஓடிட்டு இருக்கும். சொல்லல. பட்டனைத் தட்டி அழிச்சுட்டாங்க. அந்தக் குறியீட்டை அழிச்சா, அது விழுந்த நேரத்துல இன்ஜின் எந்த சூட்ல, எத்தனை ஆர்பிஎம்ல இருந்துச்சுன்னு பதிவாகியிருந்த விவரமும் சேர்ந்து போயிடும். எனக்குன்னு இருந்த சாட்சியே அதுதான்.

இப்ப எஸ்டிமேட் 1,85,000 ரூபாய். வாரண்டி இன்னும் முடியல, ஆனா கிடைக்காதாம். "ஓட்டுன முறை சரியில்ல"ன்னு எழுதிட்டாங்க. ஆயில் மாத்துன பில் அத்தனையும் அவங்க சென்டர் பில்தான், ஃபைல்ல அடுக்கி வச்சிருக்கேன். அன்னைக்கு ராத்திரி வேற வண்டி பிடிச்சு, ரோட்டோரமா நானும் கிளீனர் பையனும் பெட்டி பெட்டியா மாத்தி ஏத்துனோம். லாரி ஒவ்வொண்ணும் உரசிட்டுப் போகுது. விடியக்காலைல பொள்ளாச்சி போய்ச் சேந்தப்ப பாதி நசுங்கிப்போச்சு. வியாபாரி வாடகையில பிடிச்சுக்கிட்டார். அவர் மேல தப்பே இல்ல.

அமெரிக்காவுலயும் பிக்கப் இன்ஜின் போகத்தான் செய்யுது. இன்ஜின் செய்யும்போது உள்ள தங்கிப்போன உலோகத் துகள் பேரிங்கைக் கெடுக்குதுன்னு 2024ல டொயோட்டா அங்க டன்ட்ரா பிக்கப்பும் லெக்சஸும் சேர்த்து சுமார் ஒரு லட்சம் வண்டியைத் திரும்பக் கூப்பிட்டுச்சு. 2025ல ஜெனரல் மோட்டார்ஸ் 6.2 லிட்டர் வி8 இன்ஜினுக்காக, கிராங்க், கனெக்டிங் ராடு குறைன்னு சொல்லி, கிட்டத்தட்ட ஆறு லட்சம் பிக்கப்பையும் எஸ்யூவியையும் கூப்பிட்டுச்சு. அங்க ஓனர் சொல்ற புகாரை அரசாங்கம் எழுதி வாங்கி எண்ணுது. இப்படித் திரும்பக் கூப்பிடுறதுக்கு (ரீகால்) நம்ம நாட்லயும் 2021 ஏப்ரல்ல இருந்து விதி இருக்கு. பாதுகாப்புக்கு ஆபத்தான குறைன்னா, வித்த வண்டில இத்தனை சதவீதம் புகார் வந்தாத் திரும்பக் கூப்பிடணும். ராத்திரி ஹைவேல இன்ஜின் பிடிச்சு நடுரோட்ல நிக்கிறது ஆபத்து இல்லையா? ஆனா புகார்னு எழுத்துல இருந்தாத்தானே எண்ணுவாங்க. "செக்அப்"னு எழுதுனா யார் கணக்குல நான் வருவேன்?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் பதிவு பண்ணிட்டேன். திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்துல மனு குடுக்கப் பேப்பரெல்லாம் எடுத்து வச்சாச்சு. எனக்கு வேண்டியது அந்த மூணு தடவையும் சர்வீஸ் சென்டர் லேப்டாப்ல விழுந்த குறியீடு, தேதியோட, கிலோமீட்டரோட, பிரிண்ட். அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்னு மெக்கானிக் அண்ணன் சொல்றார். "சிஸ்டம்ல வராதுண்ணே"ன்னு அவங்க சொல்றாங்க. அதையாவது கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுங்கன்னு கேட்டு, நாளைக்குக் காலைல அந்த வாசல்ல போய் உக்காரப் போறேன்.

காய் வண்டி, பால் வண்டி, கூரியர் வண்டி ஓட்டுறவங்க யாரா இருந்தாலும் சரி, இன்னைக்கே கேஜை உருவிப் பாருங்க. ஆயில் ஏறியிருந்தா தேதி தெரியிற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. ஜாப் கார்டுல "இன்ஜின் லைட் எரிகிறது, ஆயில் அளவு கூடியிருக்கிறது"ன்னு முழுசா எழுதாம சாவியைக் குடுக்காதீங்க. நான் குடுத்துட்டேன். என் வண்டி இன்னும் அவங்க ஷெட்ல கயிறு கட்டி இழுத்த நிலையிலேயே நிக்குது, பின்னாடி தக்காளிச் சாறு காயக்கூட இல்ல.