கூடுதல் விலை பொருளுக்குள் எங்கே போகிறது?

மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, அதே பொருளுக்கு இரண்டு முறை செலவழிப்பவர்களும் இருக்கிறார்கள். விலை அதிகம் என்பதையே தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். பல வீடுகளில் இருவரும் ஒரே ஆள்தான். தாழ்ப்பாள் வாங்கும்போது பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர், உப்பு வாங்கும்போது அதன் இளஞ்சிவப்பு நிறத்துக்காகப் பல மடங்கு கொடுத்துவிட்டு வருகிறார். நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பொருளுக்குள் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டுப் பார்த்து, தெளிவான பதில் கிடைத்தால் மட்டுமே கொடுக்கலாம் என்பது என் கருத்து. அந்தப் பதில் ஊருக்கு ஊர் மாறும் என்பதைக் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குலசேகரத்தில் பல ஆண்டுகள் தாங்கும் கதவுக் கீல், குளச்சலில் கடலைப் பார்த்த வீட்டில் வெகு சீக்கிரம் துருவேறி முனகத் தொடங்கிவிடும்.

முதலில் எவர்சில்வரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் கடலோரத்தில் அதிகம் ஏமாறுவது இதில்தான். கடைக்காரர் ஒரு காந்தத்தை எடுத்துத் தாழ்ப்பாளில் வைத்து, "ஒட்டாது பாருங்க அண்ணாச்சி, நல்ல எஸ்எஸ்" (எஸ்எஸ் என்றால் எவர்சில்வர்தான்) என்பார். காந்தம் ஒட்டாதது உண்மைதான், ஆனால் அதிலிருந்து நாம் அறிந்துகொள்வது மிகக் குறைவு. 304 என்ற தரத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 202 என்ற தரத்தில் விலையுயர்ந்த நிக்கலைப் பெருமளவு குறைத்து, அதற்குப் பதிலாக மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. கடையில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். உப்புக்காற்று பட்ட பிறகுதான் வித்தியாசம் தெரியும்; 202 சீக்கிரம் துருவேறிவிடும். ஆகவே முட்டம், மணக்குடி போன்ற ஊர்களில் வெளிக்கதவுக் கீல், சன்னல் கொண்டி, மாடியில் துணி காயப்போடும் கம்பி, தண்ணீர்த் தொட்டியைப் பிடித்திருக்கும் திருகாணி ஆகியவற்றுக்கு 304 என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு கூடுதலாகக் கொடுப்பது முற்றிலும் சரி. அலைச் சாரல் நேரடியாகப் படும் இடமென்றால் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 என்ற தரம் தேவைப்படும். அதே வீட்டின் படுக்கையறை அலமாரிக்குள் மாட்டும் கொக்கிக்கு இந்தச் செலவு எதுவும் வேண்டாம். (304 ஆக இருந்தாலும் அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும் என்பதை எந்தக் கடைக்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை.)

மின்விசிறியைப் பொறுத்தவரை பதில் வீட்டுக்கு வீடு மாறும். வழக்கமான சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும்; மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி (BLDC) வகை 30 வாட் அளவில் ஓடும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனில் இரண்டு மாத மின்கணக்குக்கு ஏறத்தாழ 40 யூனிட் மிச்சமாகும். ஆனால் மொத்தப் பயன்பாடே இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டுக்குள் முடியும் சிறிய வீட்டுக்கு அந்த மிச்சத்தால் ஒரு ரூபாய் லாபமும் இல்லை. நாள் முழுவதும் ஓடும் கூடத்து ஃபேனுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். விருந்தாளி வந்தால் மட்டும் சுழலும் அறைக்குப் பழைய வகையே போதும். பிஎல்டிசியில் மின்னணுப் பலகை ஒன்று உண்டு என்பதால், சித்திரை மாதத்து இடியிலும் மின்னலிலும் அது பழுதானால் நாகர்கோவிலிலேயே சரிசெய்து தருவார்களா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

தேங்காயெண்ணெயில் விலையே ஒரு துப்பு. நல்ல கொப்பரையில் 60 முதல் 65 விழுக்காடு வரை எண்ணெய் உண்டு. அதாவது ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் கொப்பரை வேண்டும். அன்றைய கொப்பரை விலையை ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள். பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, ஆட்டுக்கூலியைக் கூட்டினாலும் கணக்கு பெரிதாக மாறாது. அந்தத் தொகையைவிட வெகுவாகக் குறைந்த விலையில் "சுத்தமான தேங்காயெண்ணெய்" விற்கிறார்கள் என்றால், நட்டத்துக்கு விற்கும் தர்மவான் யாரும் இல்லை என்பதை நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். குளிர்பெட்டியில் உறைகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்ப முடியாது, ஏனென்றால் எண்ணெய்ப்பனையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயும் அங்கே உறைந்துவிடும். கொப்பரை வாங்கி மில்லில் கண்ணெதிரே ஆட்டிக்கொள்ள வசதி உள்ளவர்கள் ஆட்டிக்கொள்ளட்டும். மற்றவர்கள் இந்தக் கணக்குக்கு ஒத்துவரும் விலையைக் கொடுக்கத் தயங்க வேண்டாம்; அதற்கு மேல் கண்ணாடிப் புட்டிக்கும் சணல் கயிற்றுக்கும் கேட்கும் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

உப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. இளஞ்சிவப்பு உப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், அதில் அயோடின் சேர்த்திருப்பார்கள் என்ற உறுதியும் இல்லை. சாதாரண அயோடின் உப்பு போதும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதற்காக உயர்ந்த விலைக் குடை வாங்கச் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. கம்பி வளையாத நடுத்தர விலைக் குடை போதும், எப்படியும் வாங்கும் குடைகளில் பாதியைப் பேருந்திலேயே மறந்து விட்டுவிடுவோம்.

மீனில்தான் விலைக்கும் தரத்துக்கும் உள்ள தொடர்பு அறவே அறுந்து கிடக்கிறது. நெய்மீனுக்கு (வஞ்சிரத்துக்கு) கொடுக்கும் விலை முள் குறைவு, துண்டு அழகு, விருந்தாளி முன் மரியாதை ஆகியவற்றுக்கான விலை. ஒமேகா-3 கொழுப்பைக் கணக்கில் எடுத்தால் சாளை (மத்தி) எதற்கும் குறைந்ததில்லை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும்போது, வெளியூரிலிருந்து ஐஸில் கிடந்து வரும் நெய்மீனுக்கு இரட்டிப்பு விலை சொல்வார்கள். அந்த நாள்களிலும் சிறு படகான வள்ளத்தில் மீன்பிடிப்பவர்கள் கடலுக்குப் போகிறார்கள். கடல் விட்டுக்கொடுத்தால் சாளையும் நெத்திலியும் அன்றைக்குப் பிடித்ததே கரைக்கு வரும். செவுள் சிவந்து, கண் தெளிந்து இருக்கும் சாளைக்கு வழக்கத்தைவிட அதிகம் கேட்டால் நான் பேரம் பேசாமல் கொடுத்துவிடுவேன். ஐஸ் நெய்மீனின் விலையைக்கூடக் கேட்பதில்லை.