கிரிட்டாவில் பிரஷ்ஷே ஒரு பிளகின்தான்

"ஓசியில கிடைக்குதுங்கறதுக்காகவா கிரிட்டாவத் தலையில தூக்கி வெச்சு ஆடுறீங்க அண்ணே?" என்று நேற்று ஒரு தம்பி கேட்டான். கூட வரைகிற பையன். கிரிட்டா என்பது கம்ப்யூட்டரில் படம் வரைகிற இலவச மென்பொருள். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

காசு எனக்கு இரண்டாம்பட்சம்தான். அதைக் கட்டியிருக்கிற விதம்தான் எனக்குப் பிடித்தது. லேயர் (படத்தின் அடுக்குகள்), அன்டூ மாதிரி அடிப்படை வேலைகளை நடுவில் ஒரு பகுதி பார்த்துக்கொள்கிறது. நாம் கை வைக்கிற மற்றதெல்லாம் ஏறக்குறைய பிளகின், அதாவது தனியாக வந்து சேர்கிற துண்டு புரோகிராம்: கோடு எப்படி விழ வேண்டும் என்று பார்க்கிற பிரஷ் எஞ்சின், ஃபில்டர், ஓரத்தில் நிற்கிற டாக்கர் பெட்டிகள், ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலைத் திறக்கிற பகுதி வரைக்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கிரிட்டாபிளகின்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், கலர் ஸ்மட்ஜ் பிரஷ் தனி ஃபைலாக உட்கார்ந்திருக்கும். புரோகிராம் திறக்கும்போது ஒவ்வொன்றும் வந்து 'நான் இருக்கிறேன்' என்று பெயர் கொடுத்துவிட்டுப் போகும். 2021 டிசம்பரில் கிரிட்டா 5.0 வந்தபோது, மைபெயின்ட் என்கிற இன்னொரு வரையும் மென்பொருளின் பிரஷ்களும் இப்படித்தான் இன்னொரு எஞ்சினாக வந்து சேர்ந்தன. உருவாக்கியவர்களுக்கென்று தனி வாசல் கிடையாது, அவர்களும் இதே வழியில்தான் வருகிறார்கள்.

ஆனால் அந்த வாசலில் நுழைய சி++ என்கிற கஷ்டமான புரோகிராம் மொழி தெரிய வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது 2018 மார்ச்சில், 4.0-இல் பைத்தான் என்கிற எளிய மொழி வந்தபோது.

என் கதையைச் சொல்கிறேன். சிறுவர் புத்தகம், 32 பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, ஸ்கெட்ச் லேயரை மறைத்து, பிஎன்ஜியாக எடுக்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்குக் கையால் செய்தேன். 17-ஆம் பக்கம் பென்சில் கோட்டோடு அச்சுக்குப் போய்விட்டது. இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் பார்க்கப் பிடிக்காது. அதற்குப் பிறகுதான் கிரிட்டாவுக்குள்ளேயே பைத்தான் எழுதுகிற ஸ்கிரிப்டரைத் திறந்து முப்பது வரிக்குள் ஒன்று எழுதினேன். லேயரை மறைத்த கையோடு ரெஃப்ரெஷ்ப்ரொஜெக்‌ஷன் என்று ஒரு வரி போட வேண்டும், இல்லாவிட்டால் பழைய படமே வெளியே வரும். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு சாயங்காலம் போனது. இப்போது டீ போட்டு வருவதற்குள் 32 பக்கமும் தயார்.

பைத்தானில் புது பிரஷ் எஞ்சின் எழுத முடியவில்லையே என்று சிலருக்குக் குறை. அதில் நான் கிரிட்டா பக்கம். டேப்லெட் பேனா நொடிக்கு நூறு தடவைக்கு மேல் இடத்தையும் அழுத்தத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் பைத்தான் வழியாகச் சுற்றி வந்தால் கோடு கைக்குப் பின்னால் இழுபடும். கோடு இழுபட்டால் வரைகிறவனுக்கு மனசே விட்டுப்போகும். எக்ஸ்போர்ட், லேயர் பெயர், பேனல் அடுக்குவது மாதிரி வேலைகளுக்குப் பைத்தான் தாராளமாகப் போதும்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். ஆண்ட்ராய்டு கிரிட்டாவில் பைத்தான் பிளகின் ஓடாது. எனக்குத் தெரிந்து இங்கே வரையக் கற்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு லேப்டாப் கிடையாது, அப்பா அம்மா வாங்கிக் கொடுத்த ஆண்ட்ராய்டு டேப்லெட்தான். புது வசதிகள் பத்து தள்ளிப்போனாலும் பரவாயில்லை, முதலில் இதைச் செய்து கொடுங்கள் என்று கேட்பேன்.

கேள்வி கேட்ட தம்பியும் டேப்லெட்டில்தான் வரைகிறான். என் ஸ்கிரிப்டை அனுப்பினாலும் அவனிடம் ஓடாது. அவனுடைய 24 பக்கத்தையும் ஞாயிற்றுக்கிழமை என் மெஷினில் போட்டு எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.