கொல்லையில் ஒரு மூலையை விட்டுவையுங்கள்

செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி வீடு கட்டிக் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் அரை கிரவுண்டு இடம் அப்படியே கிடக்கிறது. எருக்கு, நாயுருவி, தும்பை, குப்பைமேனி, யாரும் நடாமல் முளைத்த ஒரு வேம்பு, வேலி மேல் ஏறிப் படர்ந்த கோவைக்கொடி. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும், "இதையெல்லாம் வழிச்சு எடுத்துட்டு பேவர் பிளாக் போட்டுடுங்களேன்" என்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்று ஒருமுறை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

காலை ஆறு மணிக்குக் காப்பியோடு பின்வாசல் படியில் உட்கார்ந்தால் முதலில் கேட்பது செம்போத்தின் குரல். 'ஊப், ஊப், ஊப்' என்று அடிவயிற்றிலிருந்து வரும். காக்கை அளவு இருக்கும். இறக்கை செம்பு நிறம், கண் குன்றிமணிச் சிவப்பு. குயிலுக்குச் சொந்தம்தான், ஆனால் நம் குயில் மாதிரி காக்கைக் கூட்டில் முட்டை போட்டுவிட்டுப் போகாது. அடர்ந்த புதருக்குள் தானே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். பெரும்பாலும் தரையில் நடந்தேதான் இரை தேடும். போன மழைக்காலத்தில் ஒரு நாள், எனக்குப் பத்தடி தூரத்தில் ஒரு பெரிய நத்தையைப் பிடித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நம் தோட்டங்களில் பப்பாளிக் கன்று, கத்தரிச் செடி என்று எல்லாவற்றையும் மொட்டையடிக்கிறதே, அந்த நத்தைதான். ஓட்டுக்குள் அலகை விட்டு இழுத்து, உதறி, மறுபடி இழுத்து, முழுசாகத் தின்று முடித்தது. அப்புறம் அலகை மண்ணில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துக்கொண்டு நிதானமாக நடந்து எருக்குக்குப் பின்னால் போய் மறைந்தது. காப்பி ஆறிப்போனதே எனக்குத் தெரியவில்லை.

கறிவேப்பிலைக் கதை ஒன்றும் இருக்கிறது. "தம்பி, உங்க செடியில புழு வெச்சிருக்கு, மருந்து அடிங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். "வேண்டாம்க்கா, பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க, ஒண்ணு காட்டுறேன்" என்றேன். சின்னப் புழுக்கள் அச்சு அசல் பறவை எச்சம் போலவே இருக்கும். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். அந்தப் பெண் ஒரு குச்சியால் மெல்லத் தொட்டாள். தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி சிவப்பாக ஒரு கொம்பு வெளியே வந்தது, கூடவே ஒரு நெடி. எறும்பையும் பறவையையும் விரட்ட அது வைத்திருக்கிற ஆயுதம் அதுதான். கூட்டுப்புழுவாகித் தொங்கியதிலிருந்து அவள் தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் வந்து பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் கறுப்புச் சிறகோடு ஒரு பட்டாம்பூச்சி வெளியே வந்து, ஈரம் காய உட்கார்ந்திருந்தது. நாலு கொத்துக் கறிவேப்பிலை போனதற்கு இது பதில். அந்த அக்கா அதற்குப் பிறகு மருந்துப் பேச்சே எடுக்கவில்லை.

சரி, பாம்பு வராதா என்று கேட்பீர்கள். வரும். வந்திருக்கிறது. போன ஐப்பசியில் எங்கள் தெருவில் ஆறடிச் சாரை ஒன்றை அடித்துக் கொன்றார்கள். நான் ஓடிப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாரைக்கு விஷமே கிடையாது. எலி தின்று வாழ்கிற ஜீவன். சாரையும் நாகமும் பிணையும் என்று நம்பி, அதன் மேல் வெள்ளைத் துணி போட்டு எடுத்து வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அது இரண்டு ஆண் சாரைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு போடுகிற மல்யுத்தம். அதை ஒரே ஒரு முறை ஏரிக்கரையில் பார்த்திருக்கிறேன். இரண்டும் தலையைத் தூக்கித் தூக்கி ஒன்றையொன்று அமுக்கப் பார்த்தன. அப்படி ஒரு உயிரைத்தான் மூங்கில் கழியால் அடித்துக் கொன்றார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வேதனை எங்கள் மாவட்டத்தில் கொஞ்சம் கூடுதல். இதே மாவட்டத்தில், வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். விஷப் பாம்பையே உயிரோடு திருப்பி விடுகிற மனிதர்கள் பக்கத்திலேயே இருக்கும்போது, நாம் சாரையை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

அதற்காகக் கவனக்குறைவாக இருக்கச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வாசல்படியிலிருந்து பதினைந்து அடிக்குப் புல்லை ஒட்ட வெட்டிவிடுவேன். செங்கல், விறகு எதையும் குவித்து வைப்பதில்லை. மிச்சச் சோறு வெளியே கொட்டுவதில்லை, எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். இருட்டினால் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. வீட்டுக்குள் பாம்பு நுழைந்தால் தீயணைப்புத் துறைக்கு போன். கடித்தால் மந்திரம், பச்சிலை எதுவும் கிடையாது, நேரே அரசு மருத்துவமனை. கொசுவுக்கும் புதரைக் குற்றம் சொல்லாதீர்கள். டெங்கு கொசு முட்டையிடுவது தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு என்று தேங்கிய நல்ல தண்ணீரில். அதைக் கவிழ்த்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

முழுக் கொல்லையையும் விடச் சொல்லவில்லை. ஒரு மூலை போதும். பத்தடிக்குப் பத்தடி. மருந்து அடிக்காமல், சருகைக் கொளுத்தாமல், முளைத்ததை முளைக்க விட்டுப் பாருங்கள்.

எங்களுக்கு வடக்கே காலி மனை ஒன்று இருக்கிறது. தை பிறந்ததும் ஜேசிபி வருகிறது, வீடு கட்டப்போகிறார்கள். இரண்டு வாரமாக ஒரு ஜோடி செம்போத்து அந்த மனையின் ஓரத்தில் இருக்கிற புதருக்குள் இலையும் குச்சியுமாகக் கொண்டுபோகிறது. மனைக்காரருக்கு போன் போட்டு, அந்த ஓரத்தை மட்டும் குஞ்சு பறக்கிற வரை தொடாமல் விட முடியுமா என்று கேட்டேன். "பார்க்கலாம் சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மனையைப் பார்க்க வருகிறாராம். காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறேன், அது கூப்பிடுகிற நேரத்துக்கு.